கேட்காமல் தங்கலாம்

ஜூன் மாத வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணி. ஒஸ்லோவின் புறநகரான ஹவுகெட்டோவில் எங்கள் குடியிருப்பின் வாசலில் ஏழு மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளை வண்டி நின்றது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. இங்கே ‘பூபில்’ என்பார்கள். மூன்று நாளுக்கு வாடகை ஏழாயிரத்து இருநூறு குரோனர். எலி வளையானாலும் தனி வளை என்று நானும் மனைவி மயூரியும் ஏறினோம். ஓட்டுநர் இருக்கையில் என் மாமனார் ஏற்கெனவே உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஈழத் தமிழர், ஒஸ்லோவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் கோவில்பட்டிக்காரன், நான்கு வருடமாக இங்கே மென்பொருள் வேலை, இந்த நாட்டு ஓட்டுநர் உரிமம் இன்னும் எடுத்தபாடில்லை.

போகும் இடம் ஷோக். ஏறக்குறைய முந்நூற்றெழுபது கிலோமீட்டர் வடக்கே, ஐரோப்பாவிலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று என்கிறார்கள். அதற்கு மேலே மரமில்லாத மேட்டுநிலம், நார்வேக்காரர்களின் பாலைவனம். ஊர் பார்க்கப் போகிறோம் என்று மாமாவிடம் சொல்லியிருந்தோம். உண்மை வேறு. கோயம்புத்தூரில் எனக்கு ஒரு வேலை வந்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மயூரி இங்கேயே பிறந்தவள். அவள் சொன்னது இவ்வளவுதான்: “நான் வாறன். ஆனா அப்பாட்டை நீதான் சொல்லோணும். என்னாலை ஏலாது.” மாமி இறந்து மூன்று வருடமாகிறது. இரண்டு கட்டடம் தள்ளித் தனியாக இருக்கும் மாமா, மாலையில் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். பூனைக்கு மணி கட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

ஹாமர் தாண்டியதும் தொண்டையைச் செருமினேன். “மாமா, ஒரு விஷயம்...”

“பொறும் தம்பி. எல்க் கடக்குமெண்டு போர்டு போட்டிருக்கு.”

எல்க் மான் எதுவும் கடக்கவில்லை. என் பேச்சும் கடக்கவில்லை. ஒத்தாவில் பெட்ரோல் நிலையத்தில் சாசேஜும் காபியும் வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். மாமா காபியைக் கையில் வைத்துக்கொண்டு டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்க்கப் போய்விட்டார். பின்னாலிருந்து மயூரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

பிற்பகலில் லொம் தாண்டியபோது எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. நார்வே என்றால் மழை என்றுதான் நான்கு வருடமாகப் படித்து வைத்திருந்தேன். இங்கே சாலையோர மண் வெளுத்துக் கிடந்தது. வயல்களில் தெளிப்பான்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீர் இறைத்தன. அவை எட்டாத மூலைகளில் புல் கருகியிருந்தது. கோவில்பட்டியில் பிறந்தவனுக்கு வறட்சியை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்க்கிற வறட்சியை நான் அதுவரை கண்டதில்லை.

பிஸ்மோ என்ற சிற்றூரிலிருந்து ஒரு மண் சாலை மேலே ஏறுகிறது. கட்டணம் தொண்ணூறு குரோனர். அரை மணி நேரம் முனகிக்கொண்டே வண்டி ஏறியது. பிர்ச் மரங்கள் முழங்கால் உயரத்துக்குக் குறுகி, பிறகு காணாமல் போயின. மேலே கல், கல்லின் மேல் வெளுத்த பாசி, அதற்கு மேல் வானம். வேலி இல்லை, பலகை இல்லை, வீடு இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது, கண் திறந்திருந்தும்.

சாலையோரம் சரளை பரப்பிய ஒரு திட்டில் மாமா வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

“இது ஆற்றை காணி?”

“யாரோடதுமில்ல மாமா. வீடுகள்ல இருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருந்தா போதும். இந்த நாட்டுச் சட்டமே அப்படித்தான். இங்க யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.”

“கேக்காமலோ?” மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, நான் இந்த நாட்டுக்கு வந்து முதல் மீன் பக்டரியிலை நிண்டனான். பொலிஸைக் கேட்டு, கொம்யூன் ஒஃபீஸைக் கேட்டு, வீட்டுக்காரனைக் கேட்டுத்தான் ஒவ்வொரு அடியும் வைச்சனான். கேக்காமல் ஒரு ராத்திரி படுத்ததில்லை.”

வண்டி திரும்பியது. ஏறிய அரை மணியையும் இறங்கினோம். முதல் பண்ணையில் ஒரு நடுத்தர வயதுக்காரர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார். மாமா தலையை வாரிக்கொண்டு போய், மேலே ஓர் இரவு தங்கலாமா என்று சுத்தமான நார்வேஜியனில் கேட்டார். அந்த மனிதர் மேலே பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார்.

“தங்குங்கள். அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?”

“நிலம் யாருடையது?”

“ஊருக்குப் பொது.”

மாமாவுக்கு இது போதவில்லை. மகள் பக்கம் திரும்பினார். “அவர் சொல்லுறது சரியோ பிள்ளை?”

“ஓம் அப்பா.”

பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வண்டிக்குள் போய் மட்டன் ரோல்ஸ் அடுக்கிய ஒரு டப்பாவைக் கொண்டுவந்து பண்ணைக்காரர் கையில் கொடுத்தார். நாங்கள் புறப்படும்போது அவர் அந்த டப்பாவைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றார். அன்றைக்கு என்னைவிடக் குழம்பிய ஒரே ஆள் அவர்தான்.

பொது என்றால் எனக்குப் புறம்போக்குதான் நினைவுக்கு வரும். என்றைக்காவது ஒரு நாள் பொக்லைனோடு வந்து காலி செய்யச் சொல்வார்கள். மேலே திரும்பிய பிறகு நானும் இரண்டு தடவை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றதால் தோசை மாவு கல்லின் ஓரத்துக்கே ஓடி, ஒரு பாதி அப்பமாகவும் மறு பாதி அப்பளமாகவும் வெந்தது. அதையும் தின்றோம். விஷயத்தை மட்டும் நான் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனது. அரிசியை நான்கு தடவை கழுவியவன் நான் என்பதால், வாளியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். மாமாவும் கூட வந்தார். வரைபடத்தில் நீலக் கோடாக இருந்த ஓடை, நேரில் கல்லாக இருந்தது. இன்னும் மேலே ஒரு பனித்திட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. சொட்டும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். வாளி நிரம்ப நேரமாகும். இதைவிட்டால் எனக்கு வேறு இடமில்லை.

“மாமா, கோயம்புத்தூர்ல எனக்கு ஒரு வேலை வந்திருக்கு. மயூரியையும் கூட்டிட்டுப் போகணும். உங்க அனுமதி வேணும்.”

அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “இஞ்சை ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லையெண்டு நேற்று நீர்தானே சொன்னனீர்.”

கோபமா? கிண்டலா? சம்மதமா? குரலில் ஒன்றும் தெரியவில்லை. வாளி நிரம்பியதும் அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வண்டிக்குள் மயூரி கிசுகிசுத்தாள், “அப்பா என்ன சொன்னவர்?” தெரியவில்லை என்றேன். “எப்பிடித் தெரியாமல் போகும்?” என்றாள். நியாயமான கேள்வி. அன்று பகல் முழுவதும் மாமா தேநீர் போட்டார், தூரத்தில் மேய்ந்த ஆடுகளை எண்ணினார், டயர்களை உதைத்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது, நாங்கள் நின்ற இடத்தில் கிடந்த ஒரு கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி எடுத்தார். வழியெல்லாம் சாலை விதிகளைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. லில்லெஸ்ட்ரோம் பக்கம் வந்தபோது மழை பிடித்தது. ஹவுகெட்டோவில் வண்டியை நிறுத்தினார். இந்தத் தடவையும் இன்ஜினை அணைக்கவில்லை.

“தம்பி, ஒண்டு கேக்கட்டே?”

“கேளுங்க மாமா.”

“கோயம்புத்தூரிலை நான் வந்து நிக்கிறதெண்டா ஆரைக் கேக்கோணும்?”

“விசா ஒண்ணுதான் மாமா. இப்பல்லாம் சுலபமா...”

“விசாவைக் கேக்கேல்லைத் தம்பி. உங்கடை வீட்டிலை நிக்கிறதைக் கேக்கிறன்.”

“யார்கிட்டயும் கேக்க வேண்டாம் மாமா.”

அவர் என்னை நம்பவில்லை. கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். “இவர் சொல்லுறது சரியோ பிள்ளை?”

மூன்று நாளாக அப்பாவிடம் இந்தப் பேச்சில் வாய் திறக்காதிருந்த மயூரி எழுந்து வந்து, அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“ஓம் அப்பா. வாங்கோ.”

அதன் பிறகுதான் மாமா இன்ஜினை அணைத்தார். யார் யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. திங்கட்கிழமை காலை கோயம்புத்தூருக்குச் சம்மதம் எழுதினேன். அடுத்து, மூன்று படுக்கையறை உள்ள வீடாகத் தேடத் தொடங்கினேன்.