இருபத்தொன்றாம் குழி

இலையைத் திருப்பிப் பார்க்காமல் கனகவல்லி மருந்து அடிப்பதில்லை. தெளிப்பான் முதுகை அழுத்த, கொம்பை வளைத்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். "இங்கதான் புயு குடித்தனம் பண்ணிகினு கீது. மேல அடிச்சி இன்னா பிரயோஜனம்?"

மேடவாக்கத்து அடுக்ககம் ஒன்றின் உள்சாலையில் நாற்பது புங்க மரங்கள். ஒரே வயது, ஒரே உயரம். கோடை மழை விட்டதும் முதல் மரத்தில் புழு இறங்கும். பத்தே நாளில் வரிசை மொட்டை. நடுவில், இருபத்தொன்றாம் குழியில் மட்டும் நாவல். புங்கங்கன்றுகளோடு தவறிக் கலந்து வந்தது என்று குடியிருப்பே நம்புகிறது. கலந்தவர் கனகவல்லி.

இங்கே தோட்ட வேலைக்கு வருமுன் அவர் நன்மங்கலம் காட்டோரம் நாற்றங்காலில் தினக்கூலி. அந்தப் பேச்சு வந்தால் தெளிப்பானைக் கீழே இறக்கிவிடுவார்.

"காரை, பக்கத்துல வெப்பாலை, அப்பால களா. ஒரு மரத்த தின்னுட்டு அடுத்தத தேடறதுக்குள்ள புயுவ குருவி தூக்கிகினு பூடும். காடு மொட்டையா நின்னு நான் பாத்ததேயில்ல. நானும் கூட வேல செஞ்ச ஜான்சியும் நாவப்பயம் தின்னுட்டு ஊதா நாக்க நீட்டிகினு வருவோம். மேஸ்திரி கத்துவாரு பாரு!"

இந்த ஆனியில் நாவல் நன்றாகக் காய்த்ததுதான் வினை. சங்கச் செயலாளர் லக்ஷ்மிநாராயணனின் வெள்ளைக் கார் அதன் கீழேதான் நிற்கும்.

"பூரா கறை, கனகா. சாட்டர்டே வெட்டிடலாம். அங்கயும் ஒரு புங்கம் வெச்சா லைன் நீட்டா இருக்கும்."

"சார், குருவிங்க இதுலதான் குந்துது. நாவலுக்குப் பக்கத்து மரம் ரெண்டுலயும் பச்சை மிஞ்சி கீது, பாத்தீங்களா?"

"குருவியா வந்து கார் தொடைக்கும்?"

சனிக்கிழமை நாவல் விழுந்தது. ரம்பம் ஓயும்வரை கனகவல்லி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை, அடிவேர் தோண்டிய குழியில் ஒரு கன்றை இறக்கினார். வெப்பாலை. அதன் காய் காரில் கறை வைக்காது. மண்ணை மிதித்துவிட்டு இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

செயலாளர் நடைப்பயிற்சிக்கு வந்தார். "புங்கம்தானே? ஏன் வெறுங்குச்சியா இருக்கு?"

"எலைய கிள்ளுனாதான் சார் வேரு புடிக்கும்."

அவர் குனிந்தார். கிள்ளிய இடத்திலெல்லாம் பால் துளிர்த்துக்கொண்டிருந்தது. புங்கத்தில் பால் கிடையாது. கனகவல்லி முந்தானையை எடுத்து, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோலக் குச்சியை மேலிருந்து கீழாக ஒற்றினார்.