பழுப்பாகிப்போன என் வாசல்

பாஸ்போர்ட் போட்டோ எடுக்க இன்று தாராவியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் நின்றவர் முன்பின் பார்த்திராத ஆள். மொபைலில் ஒரு வீட்டுப் படத்தைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இத இருவது வருசத்துக்கு முந்தி எடுத்த மாதிரி பழுப்பாக்கிருங்க. புது வீடு குடுக்க சர்வே எடுக்காங்கள்லா, பழைய ஆளுன்னு அவங்களுக்குக் காட்டணும்."

கம்ப்யூட்டரில் படம் பழுப்பானது. ஓரத்தில் கறை படிந்தது. கூரைமேலிருந்த டிஷ் ஆன்டெனா காணாமல் போனது.

"பக்கத்து வீட்டயும் அழிச்சிருங்க. அப்போ அது நம்ம காலி இடம்லா."

ஸ்டுடியோக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு காகித நட்சத்திரம். கிறிஸ்துமஸ் முடிந்தும் நான் கழற்றாமல் விட்டது.

"அது என் வீடு. உங்கள எங்க தெருவுல பார்த்ததே இல்லையே" என்றேன்.

முன்னால் நின்றவர் நிதானமாகத் திரும்பிச் சிரித்தார். "பழைய போட்டோ ஏதும் வச்சிருக்கீயளா?"

நண்பர்களே, என் வாசலில் நின்று எடுத்த படம் யாரிடமாவது இருக்கிறதா? பளிச்சென்று இருந்தால் அனுப்ப வேண்டாம், யாரும் நம்பமாட்டார்கள்.