ராஜசபைப் பிரெஞ்சும் பனியன் கையும்

கோவையில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்தேன். முந்நூறு வருடத்துக்கு முந்தைய நாடகங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டமும் வாங்கியிருந்தேன். ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரரோடும் பேசியதில்லை. எழுபதுகளில் ஒருநாள், வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்திய என் மனைவியின் அண்ணன் அவசரமாக அழைத்தார். பிரான்சிலிருந்து ஓர் அம்மாள் சரக்குப் பார்க்க வந்திருந்தார்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாடகங்களில் படித்த பிரெஞ்சில் வரவேற்றேன். அந்த அம்மாள் திகைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ராணியிடம் பேசுவதுபோல் பேசுகிறீர்களே!" என்றார் பிரெஞ்சில். எனக்குக் காது சுட்டது.

அடுத்து அவர் கேட்டதில் பாதி புரியவில்லை. துரோகம், சாபம், பழிவாங்கல் எல்லாவற்றுக்கும் எனக்குப் பிரெஞ்சில் சொல் தெரியும், தையலுக்குத் தெரியாது. நான் விழித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் தன் சட்டைக் கையின் ஓரத்தைத் தொட்டுப் பேசியதைக் கவனித்த கட்டிங் மாஸ்டர் ஒரு பனியனை எடுத்து, அதன் கையை இரண்டு விரல் அளவு மடித்துக் காட்டினார். அந்த அம்மாள் மகிழ்ந்து தலையாட்டினார். ஆர்டர் முடிவானது.

மச்சானுக்கு ஒரே பூரிப்பு.

"நீங்க பேசுனதும் அந்தம்மா எத்தன சந்தோசமாச் சிரிச்சாங்க, பாத்தீங்களா மாப்ள! படிப்புன்னா படிப்புதானுங்க."

நான் மறுக்கவில்லை. அவர் கொடுத்த ஒரு டஜன் பனியனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மனைவியிடமும் உண்மையைச் சொல்லவில்லை.