பதினாலாம் நம்பர் அறைக் கட்டில்

எங்கள் பெரியம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். போர்வையை மடிப்பது போல மடித்து உள்ளே வைத்துவிடுவாள். ஒரு விடுதியில் அறை துடைத்து விரிப்பு மாற்றுவது அவள் வேலை. அதே மாடியில் சித்திக்கும் அதே வேலை. வீட்டில் ஓர்ப்படி, வேலையில் ஜோடி. ஒரே உறையில் இரண்டு கத்தி.

போன வருஷம் பெரியம்மாவுக்கு ஃப்ளூ காய்ச்சல். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. இருமலும் அசதியும் இறங்கவில்லை. ஆறாவது வாரத்திலும் நாலு தலையணைக்கு உறை போட்டால் கால் தள்ளாடும். ஒருநாள் முடியாமல் விருந்தினர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்காரர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். சித்தி நேரே மேற்பார்வையாளரிடம் போய்ப் போட்டுக்கொடுத்தாள். பெரியம்மாவைக் கழிப்பறை கழுவ மாற்றினார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோர் முன்னாலும் சித்தி சொன்னாள்:

"அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சு, நடிப்புதான் இன்னும் விடல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இந்த வருஷம் அதே காய்ச்சலில் சித்தி படுத்தாள். தேறிவிட்டது என்று ஐந்தாம் நாளே வேலைக்கு வந்தாள். இரண்டு நாளில் காய்ச்சல் திரும்பியது. மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துகிறது என்று அவள் யாரிடமோ சொன்னது பெரியம்மா காதில் விழுந்தது. அசதியும் இருமலும் வாரக்கணக்கில் இழுக்கும், அதற்குப் பயப்படாதே என்று போன வருஷம் டாக்டர் பெரியம்மாவிடம் சொல்லியிருந்தார். விட்ட காய்ச்சல் திரும்பி மூச்சும் திணறினால் நிமோனியாவாக இருக்கலாம், உடனே ஓடி வா என்றும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பெரியம்மா வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பதினாலாம் நம்பர் அறை திறந்து கிடந்தது. உள்ளே கட்டிலில் சித்தி உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு, மேற்பார்வையாளரைத் தேடி இரண்டு மாடி இறங்கினாள். சித்தியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை, கட்டிலைத்தான் பார்த்தாள்.

திட்ட வந்த மேற்பார்வையாளர், நீலம் பாரித்திருந்த உதட்டைப் பார்த்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நிமோனியாதான். சாயங்காலம் வரை விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, சித்தி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உயிர் கொடுத்த தெய்வம் என்றாள்.

"உன்னக் காப்பாத்தவா போனேன்? போட்டுக்கொடுக்கத்தான் போனேன்," என்றாள் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். செய்த உதவியைச் சொல்லிக்காட்டத் தெரியாதவள், எவ்வளவு பெரிய மனசு என்றார் சித்தப்பா.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. பெரியம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிடித்திருந்த கையை விட்டாள். பெரியம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.