ஒளிக்கண்ணில் சந்தனம்

அவன் செய்த கருவி வேலை செய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சாமியிடம் கேட்கிற விஷயமா இது என்று எனக்கே தெரியும். இருந்தும் கேட்டேன்.

நானும் அவனும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு ஹெல்மெட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தோம். கையில் முதல் செல்போன் வந்திருந்த சமயம். ஒரே பாலிடெக்னிக், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மார்க் எனக்குத்தான் அதிகம்.

ஹெல்மெட்டை உயரத்திலிருந்து, நேராக விழக் கட்டிய கம்பி வழியே, இரும்புத் திண்டின் மேல் போட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. என்ன வேகத்தில் மோதுகிறது என்பதை உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டு எழுதுவோம். கம்பியில் உரசி வேகம் குறையும், எவ்வளவு என்றுதான் யாருக்கும் தெரியாது. அதை அளக்க ஒரு கருவி வேண்டும், டெம்போவில் போட்டு எங்கேயும் கொண்டுபோக வேண்டும் என்றார் மேனேஜர். ஆளுக்கொன்று செய்யுங்கள், யாருடையது தாங்குகிறதோ அவர்தான் சூப்பர்வைசர் என்றும் சொல்லிவிட்டார்.

இருவர் யோசனையும் ஒன்றுதான். மேலும் கீழுமாக இரண்டு ஒளிக்கற்றைகள். ஹெல்மெட்டோடு சேர்ந்து விழுகிற தகடு முதலாவதை மறைத்து, அடுத்ததை மறைக்க எடுக்கும் நேரத்திலிருந்து வேகம் கிடைக்கும். நான் அழகான பிளாஸ்டிக் பெட்டி வாங்கி தெர்மோகோல் அடைத்தேன். அவன் பழைய மோட்டார் ஸ்டார்ட்டரின் இரும்புக் கூட்டுக்குள், பக்கத்துக் கடற்கரை வைத்திக்குப்பத்து மீனவர்களிடமிருந்து வலை மிதவைகளை வாங்கிவந்து அறுத்துத் திணித்தான். நான் சிரித்தேன். சோதனைக்காக டெம்போவில் விழுப்புரம் போய்த் திரும்புவதற்குள் என்னுடையதில் ஒயர் விட்டுப்போனது. அவனுடையது மாடிப்படியில் உருண்ட பிறகும் சரியாக எண் காட்டியது.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று டீக்கடையில் சொல்லித் திரிந்தேன். உள்ளே வயிறு எரிந்தது. "மெதவைய வெக்கணும்னு எப்டித்தான் தோணுச்சோ அவருக்கு" என்று என் மனைவி வியந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னையிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டால் பதவி அவனுக்கு. அதற்கு முன் ஆயுத பூஜை வந்தது. அவரவர் மெஷினுக்கு அவரவரே சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவன் சீக்கிரமே கிளம்பினான்.

"நம்ம மெஷினுக்கும் நீயே வெச்சுடுடா" என்றான்.

நம்ம என்றது வேறு எரிச்சலாக இருந்தது. பெட்டியில் இடமா இல்லை, ஒளி போகிற துளையின் மேலேயே சந்தனத்தை அப்பினேன். கை தவறிவிட்டது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தவறவில்லை.

விடுமுறை முடிந்து வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஹெல்மெட் விழுந்தது, எண் வரவில்லை. மறுபடியும் போட்டோம், வரவில்லை. அவன் குனிந்து பார்த்தான். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். பிறகு என்னை ஒரு நொடி பார்த்தான்.

"யாருய்யா இத இங்க வெச்சது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். பூஜை அவசரத்துல கவனிக்கல" என்றான் அவன்.

எல்லார் எதிரிலும் திட்டு வாங்கினான். துளையைத் துடைத்துவிட்டுப் போட்டதும் எண் வந்தது, பதவியும் வந்தது. அந்த வாரமே துளைகளின் மேல் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டினான்.

"அடுத்த வருஷமும் நீயே வெய்யி. தொடச்சிக்கலாம்" என்றான்.

பதவி போனதைக்கூட ஜீரணித்துவிட்டேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பொய் என் வாயில் வந்திருக்காது. அதற்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.