நான் அழித்த ஓய்வு வாரம்

செல்வராசா தேர்வுப் பந்தயத்தில் தோற்றது என்னால். பழியை அவர் மேல் போட்டவனும் நான்தான்.

அப்போது நான் கேகாலையில் ஆசிரியர். மாலையில் சைக்கிள் கழகத்தின் பயிற்றுநர். செல்வராசா இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர், வயது இருபத்துநான்கு. ஜூனில் கொழும்பு அணி ஒன்று ஆள் எடுக்க இருந்தது. தேறினால் அணியில் இடமும் நிரந்தர வேலையும். வயது எல்லைப்படி அதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு.

ஜூனில் உச்ச நிலைக்கு வர வேண்டும் என்றே திட்டம் போட்டிருந்தேன். பெப்ரவரியில் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து, பால் வெட்டு நிற்கும்போது நீண்ட, மெதுவான ஓட்டம், வேகமெல்லாம் பிறகு.

கழகத்துக்கு ஜெர்சி கொடுத்த மாவனல்லைக் கடை முதலாளி, ஏப்ரல் புத்தாண்டுப் பந்தயத்தைப் பற்றிப் பேச வந்தார். "அவுருது ரேஸ்ல நம்ம பேரு முன்னுக்கு வரணும் சேர். ஜூன்ல கொழும்புல ஓடுறத இங்க யாரு பாக்கப் போறாங்க?"

எனக்கும் மேடை ஆசை. பால் வெட்டு நின்ற வாரங்களில் மலையேற்ற வேக ஓட்டங்களைத் திணித்தேன். வெட்டு நின்றால் ஆட்களை வடிகால் கான் வெட்டப் போடுவார்கள், அது இன்னும் கடினம் என்பது எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்தேன்.

ஏப்ரலில் வென்றார். எனக்கும் மாலை விழுந்தது. அடுத்து வரவேண்டிய ஓய்வு வாரத்தையும் அட்டவணையில் அழித்தேன்.

"லயத்துப் படி ஏறவே காலு நடுங்குதுங்க சேர்."

"ஒரு கப் வாங்கினதும் சோம்பலா? ஓட்டு."

ஜூனில், முதல் ஏற்றத்திலேயே கூட்டத்திலிருந்து கழன்றார். அணி அதிகாரி காரணம் கேட்டார். பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். பக்கத்தில் நின்ற செல்வராசாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும்.

பல வருடங்களுக்குப் பிறகு, பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த அணிக்கு உண்மையை எழுதினேன். அவருக்கு வயது கடந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. போன வருடம், நான் இன்னும் பயிற்சி கொடுக்கும் கழகத்தின் கூட்டத்துக்கு அவரை அழைத்து, எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப நீங்க சோம்பேறி இல்லையாண்ணே?" என்று ஒருவர் சிரித்தார்.

செல்வராசா சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாங்க சேர். இனிமே யாருக்கு எப்ப ரெஸ்ட்டுன்னு நான் சொல்றேன். நீங்க எழுதுங்க."

இந்த சீசனில் அப்படித்தான் நடக்கிறது. ஓட்டுபவர்களிடம் அன்று தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார்கள் என்று முதலில் கேட்கிறார். பயிற்சியை அதன் பிறகே முடிவு செய்கிறார். அவுருதுக்கு முந்தைய வாரம் எங்கள் சிறந்த வீரரைச் சைக்கிளைத் தொடவே விடவில்லை. அவர் ஆறாவதாக வந்தார். எனக்கு வாய்வரை வந்தது; அடுத்த வாரத்தை அவர் சொன்னபடியே அட்டவணையில் எழுதினேன்.

ஜூன் தேர்வில் அந்த வீரர் தேறினார். செல்வராசா அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அடுத்தவருடைய அட்டவணையை எடுக்கச் சொன்னார்.