பள்ளிப்பட்டுப் பாலத்தில் என்னைத் தேடியவர்கள்

என் கணவரின் கல்லறை பள்ளிப்பட்டைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஊர்ப் பெயரை நான் எழுதுவதில் அவர் வீட்டாருக்கு விருப்பமில்லை, அதனால் விடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, அங்கே போய்விடுவேன். மூன்று ஆண்டுகள் வாடகைக் காரில் போனேன். மூன்று ஓட்டுநர்களும் கல்லறைத் தோட்ட வாசலில் நின்று ஹாரன் அடித்தார்கள். இந்த ஆண்டு என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தேன். எனக்கு வயது எழுபத்தொன்று. ஓட்டுநர் உரிமம் புதுப்பித்தது, கண்ணாடி சரியானது. என் கணவர் கடைசிவரை கியர் மாற்றக் கற்றுக்கொள்ளவில்லை. அவரை உட்காரவைத்து ஓட்டியதெல்லாம் நான்தான்.

என் மகன் ஆல்பர்ட்டுக்கு இதில் சம்மதமில்லை. ஓசூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். பல நாள் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வண்டியில் அவன் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்துவான். நான் போய் வரும்வரை அந்தப் பெட்டியிலிருந்து ஆபத்து என்று ஒரு சிவப்புச் செய்திகூட வரக் கூடாது. வந்தால் வண்டி அவன் மச்சானுக்கு. வராவிட்டால் இனி நான் வண்டி ஓட்டுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சரி என்றேன். சொன்ன சொல்லில் நிற்பேன் என்பது அவனுக்கும் தெரியும்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத பொருளை என் வண்டியில் வைக்க விடமாட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டேன். வயதான பலர் வண்டியில் பிள்ளைகள் இதை மாட்டிவிடுகிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். பெட்டி நேராக மகனிடம் பேசுவதில்லை. நடுவில் ஒரு கணினி இருக்கிறது. வேகம், இடம், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. பெட்டி சிறு சிறு செய்தியாக அந்த நடுநிலையத்துக்கு அனுப்பும். எந்தத் தலைப்பு வேண்டும் என்று சொல்லி வைத்தவருக்கு அது மட்டும் போய்ச் சேரும். மகன் எல்லாத் தலைப்பையும் கேட்டு வைத்திருந்தான். பொதட்டூர்பேட்டையில் இருக்கும் என் கொழுந்தனார் ஞானராஜுக்குச் சிவப்பும் வரைபடமும் மட்டும். அம்பத்தூர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கிறதே, அதுவும் இதே முறைதான்.

செய்தி மிகச் சிறியதாக இருப்பதற்குக் காரணம், சிக்னல் மெலிந்த இடத்திலும் அது தப்பிப் போய்ச் சேர வேண்டும். எனக்கு இது உடனே புரிந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவளுக்குச் சொல்லைச் சுருக்குவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதபோது பெட்டி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு தட்டுத் தட்டும். நாலரை நிமிடம் தட்டு வராவிட்டால் வண்டி இல்லை என்று நடுநிலையம் எடுத்துக்கொண்டு, பெட்டி முதலிலேயே எழுதிக் கொடுத்து வைத்த ஒரு செய்தியை எல்லோருக்கும் சிவப்பாக அனுப்பிவிடும். அந்தச் செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை. ‘தொடர்பு இல்லை’ என்றிருக்கும், வேறென்ன இருக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அதிகாலை ஐந்தே முக்காலுக்கு அம்பத்தூரிலிருந்து புறப்பட்டேன். திருவள்ளூர் வழியாகத் திருத்தணி என் மீட்டரில் 67 கிலோமீட்டர். இடையில் ஒரு சுங்கச்சாவடி உண்டு. திருவள்ளூர் தாண்டும்வரை லாரிகள் அதிகம், பிறகு சாலை நன்றாக இருக்கிறது. ஏழு நாற்பதுக்குத் திருத்தணி. மலைக்கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மேலே வரை வண்டிப் பாதை இருக்கிறது. விசேஷ நாளில் கீழேயே நிறுத்தச் சொல்வார்கள். நான் கீழே நிறுத்தி, இட்லி, வடை, காப்பி சாப்பிட்டேன். தொண்ணூறு ரூபாய். கழிப்பறைக்கும் இங்கேயே போய்விடுங்கள். இதற்குப் பிறகு சுத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

நிறுத்துமிடத்தில் புது வண்டிகளுக்குப் பூசை போட எலுமிச்சம்பழம் விற்கும் பெண் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“ஒண்ணும் கட்டலியே ஆயா, காத்து கருப்பு அண்டாம ஒரு எலுமிச்சம்பயம் கட்டிடட்டா?”

“வேண்டாம்மா. என் பிள்ளை ஏற்கெனவே ஒரு பெட்டி கட்டியிருக்கான்.”

“ஆங்? அதுல இன்னா கீது?”

“நான் எங்கே போறேன்னு அவனுக்குச் சொல்லும்.”

“தோ பாரு, எம் புருசனுக்கு ஒண்ணு வாங்கணும்!” என்று அவள் சிரித்தாள். ஆயா என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. கான்வென்ட்டில் எங்கள் செருப்பைத் துடைத்தவர்களைத்தான் அப்படி அழைப்போம். இந்தப் பக்கத்தில் வயதான பெண் எல்லோருமே ஆயாதான். சண்டை போட்டுப் பயனில்லை.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு 36 கிலோமீட்டர். பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் கண்ணாடியை ஏற்றினாலும் கேட்கும். ஷேர் ஆட்டோக்களுக்கு வழிவிட்டே போக வேண்டும். ஞானராஜ் வீட்டில் நிற்கவில்லை. அவர் விடியற்காலைப் பூசைக்கே கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். பள்ளிப்பட்டைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றில் ஒரு பாலம். மழைக்காலத்தில் ஆந்திரப் பக்கம் அணையைத் திறந்தால் தண்ணீர் பாலத்தின் மேலேயே ஓடும். அன்று அடியில்தான் ஓடியது, ஆனால் வேகமாக. நின்று பார்த்து, எதிரே ஒரு பால் வண்டி வந்து சேர்ந்த பிறகே கடந்தேன்.

பாலத்துக்கு அப்பால் ஒன்பது கிலோமீட்டர், மலையடிவாரம். கல்லறை வாசலில் இறங்கும்போது பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. கைபேசியிலும் ஒரு கோடுகூட இல்லை. நாலரை நிமிடம் எப்போதோ கடந்திருக்கும். சிவப்புச் செய்தி போய்விட்டது, வண்டியும் போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. உடனே பாலம்வரை திரும்பிப் போய் மகனுக்கு விளக்கம் சொல்லலாம். ஆனால் வந்த வேலையை முடிக்காமல் திரும்பும் பழக்கம் எனக்கில்லை. கல்லைக் கழுவினேன். ஓரத்துப் புல்லைப் பிடுங்கினேன். மெழுகுவர்த்தி காற்றில் நிற்காமல் மூன்று முறை அணைந்தது. நான்காவது முறை நின்றது. ஜெபமாலையை முழுதாகச் சொல்லி முடித்த பிறகே புறப்பட்டேன்.

பாலத்துக்குத் திரும்பியபோது முப்பது நாற்பது பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போக வழியில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டியிருந்த ஒருவரிடம் விசாரித்தேன்.

“என்னங்க பார்க்கறீங்க?”

“ஒரு கெயவி காரோட ஆத்துல பூட்டாங்க ஆயா. நீ தள்ளி நில்லு, வயுக்கும்.”

“எந்தக் கிழவி?”

“மெட்ராஸ் கெயவியாம். தன்னந்தனியா ஓட்டிகினு வந்துதாம். இந்த வயசுல இன்னாத்துக்கு கார் ஓட்டணும், நீயே சொல்லு.”

“என்ன கலர் கார்?”

“வெள்ளைன்னாங்க. சின்ன வண்டி. தோ, இத மாதிரிதான்…” என்று என் வண்டியைக் காட்டிய கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார். “யப்பா!” என்று கீழே பார்த்துக் கத்தினார். “நைனா! மேல வா! கெயவி இங்க நின்னுகினு கீது!”

கீழே இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி நின்றவர் என் கொழுந்தனார் ஞானராஜ். அறுபத்தாறு வயது, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நான்கு பேர் அவரை மேலே இழுத்தார்கள்.

“அண்ணி! நல்லா கீறீங்களா?”

“எனக்கென்ன? நீங்க ஏன் தண்ணிக்குள்ளே இறங்கினீங்க?”

“ஆக்சிடெண்ட்டுன்னு மெசேஜ் வந்துது அண்ணி. மேப்புல உங்க வண்டி இந்தப் பாலத்து மேலேயே நிக்கிது. வந்து பாத்தா வண்டி இல்ல. அப்பொ எங்க போயிருக்கும்?”

“கல்லறைக்குப் போவேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆக்சிடெண்ட்டுன்னு போட்டு கீது, புள்ளி ஆத்து மேல கீது. கல்லறைல போயி எதுக்கு தேடுவேன்?”

 மகனை அழைத்தேன். ஓசூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிவரை வந்துவிட்டிருந்தான்.  “அங்கேயே இரும்மா” என்றான். “திருத்தணியில் இருப்பேன்” என்றேன்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன், பகலுக்கு மட்டும் தொள்ளாயிரம் ரூபாய். மாலை நான்கு மணிக்கு மகன் வந்தான். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது கணக்குல வராதும்மா, விடு” என்றான்.

“வரும். சிவப்பு வந்தது. சாவி மேசை மேலே இருக்கு. அதுக்கு முன்னாடி, நீ எழுதி வச்ச செய்தியைக் காட்டு.”

காட்டினான். ‘அம்மா வண்டி விபத்து. உடனே போகவும்.’ அவ்வளவுதான்.

“விபத்தை யார் பார்த்தது?”

“பாக்க யாரும் இல்லைன்னாதாம்மா அந்த மெசேஜே போகும்.”

“அப்போ யாரும் பார்க்காததை எப்படி எழுதினே? பெட்டிக்குத் தெரிஞ்சது தொடர்பு விட்டதுங்கறது மட்டும்தானே?”

 பாலத்து மேல் புள்ளி ஏன் நின்றது என்று கேட்டேன். கடைசியாக வந்த இடத்தை நடுநிலையம் அழிக்காமல் வைத்திருக்கும், யார் எப்போது திறந்தாலும் அதைத்தான் கொடுக்கும் என்றான். அது எத்தனை மணிக்கு வந்தது என்று அதில் இருக்குமா என்றேன். இவன் நேரத்தைச் சேர்க்கவில்லை. எங்கள் காலத்தில் ஒப்படைத்த நேரம் எழுதாத தந்தியை மேலதிகாரி கிழித்து எங்கள் முகத்தில் எறிவார். இறந்தவர் செய்தியோ, பிறந்தவர் செய்தியோ, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று தெரிந்தால்தான் படிப்பவர் அடுத்து என்ன செய்வதென்று யோசிக்க முடியும்.

“நிதானமா எழுதினா யாரும் ஓட மாட்டாங்கம்மா,” என்றான் கடைசியில். “அப்பாவுக்கு அப்படி ஆனப்போ நான் நைட் ஷிப்ட்ல இருந்தேன். போன் வெளியே லாக்கர்ல. ‘உடனே கூப்பிடு’ன்னு நீ போட்ட மெசேஜ் காலையிலதான் பாத்தேன்.”

அது எனக்குத் தெரியும். அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். ஆனாலும் விடவில்லை.

“உன் பயத்தை எழுதி அனுப்பினே. உன் சித்தப்பா ஆத்துல இறங்கிட்டார். அவரைத் தண்ணி இழுத்திருந்தா எந்தச் செய்தி வந்திருக்கும்?”

சாவியை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அவன் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. தவறான செய்தியை வைத்து நடந்த ஆட்டத்தில் அவன் ஜெயித்ததாகவும் ஆகாது, நான் ஜெயித்ததாகவும் ஆகாது. செய்தியைத் திருத்தி எழுது, அதே பாதையில் மறுபடி போகிறேன், அப்புறம் முடிவு செய்யலாம் என்றேன். அந்த அறையிலேயே உட்கார்ந்து இருவரும் எழுதினோம்: ‘வண்டியிலிருந்து தகவல் இல்லை. கடைசியாகக் கேட்ட இடமும் நேரமும் கீழே.’ நிறம் மஞ்சள். மஞ்சள் வந்து நாற்பது நிமிடம் யாரும் எதுவும் செய்யக் கூடாது. அதற்குள் பச்சை திரும்பாவிட்டால் சிவப்பு. ஞானராஜ் பைக்கில் கல்லறைக்குப் போக வேண்டும், ஆற்றுக்கு அல்ல.

எட்டு நாள் கழித்து மறுபடி புறப்பட்டேன். அதே பாதை, அதே இட்லி. பாலத்தைத் தாண்டியதும் எதிர்பார்த்தபடி விளக்கு அணைந்தது. முதல் முறை வைத்த மெழுகு கல்லில் உருகிக் கிடந்தது, சுரண்டி எடுத்தேன். இம்முறை ஜெபமாலைக்கு நேரமில்லை, ஒரு பரலோக மந்திரத்தோடு எழுந்தேன். எழுந்திருக்க மனமில்லைதான். பாலத்துக்குத் திரும்பியபோது மஞ்சள் வந்து முப்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. விளக்கு பச்சையானது. பாலத்தில் இரண்டு ஆடுகள் மட்டும் நின்றன.

வழியில் பொதட்டூர்பேட்டையில் ஞானராஜைப் பார்த்தேன். “வந்துது அண்ணி, மஞ்சளு. சோறு துன்னுகினு இருந்தேன். நாப்பது நிமிசம் கீதே, துன்னு முட்சிக்கலாம்னு வுட்டுட்டேன்” என்றார்.

மகனிடமிருந்து அழைப்பே இல்லை. அம்பத்தூர் வந்து சேர்ந்த பிறகு மருமகள்தான் போனில் சொன்னாள்: வேலையை விட்டுவிட்டு, அந்த முப்பத்தேழு நிமிடமும் கடிகாரத்தையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். கைபேசியை எடுத்து எடுத்து வைத்தானாம். பச்சை வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, மச்சானுக்குப் போன் செய்து வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னானாம்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்குச் சில சொற்கள். போக வர 224 கிலோமீட்டர். என் சின்ன வண்டிக்குப் பெட்ரோல் ஆயிரத்து நானூறு ரூபாய் ஆனது. நவம்பரில் போனால் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பள்ளிப்பட்டில் கேட்டுவிட்டுப் பாலத்தில் ஏறுங்கள். தண்ணீர் மேலே ஓடினால் திரும்பிவிடுங்கள். பாலத்துக்கு அப்பால் என் சிம்முக்குச் சிக்னல் கிடையாது, உங்களுடையதற்கும் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் பெட்டி மாட்டியிருந்தால், தொடர்பு விட்டுப்போகும்போது அது யாருக்கு என்ன சொல்லும் என்பதை வார்த்தை வார்த்தையாகப் படித்துப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். நடக்காத எதையும் எழுத விடாதீர்கள்.

எத்தனை நிமிடம் பொறுப்பது என்பதையும் புறப்படுவதற்கு முன்பே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நாற்பது. அடுத்த ஆண்டு ஜெபமாலைக்காக அதை ஒரு மணி நேரமாக்கக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.